லூயிசா டீச்சர் போக முடியாத ஊர்

சென்ற திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் ரிக்‌ஷாக்கார முனுசாமி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். "தையல் டீச்சரம்மா கதவத் தொறக்கல. ஒடச்சிப் பாத்தோம். செத்துப் பூட்டாங்கம்மா," என்றான். நாங்கள் டீச்சர்கள் நான்கு பேர் சாந்தோமில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அவரை ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரி என்றே நினைத்திருந்தீர்கள். லூயிசா மெக்சிகோக்காரர்களின் மகள். பெற்றோர் எல்லை தாண்டிப் போய்க் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள். அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த மயிலாப்பூர் ராஜுவை அவர் மணந்தார். வேலை அருகிய வருஷங்களில் மெக்சிகோக்காரர்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவும் தங்கையும் அந்த ரயிலில் போனார்கள். இவர் கணவரோடு கப்பலேறி இங்கே வந்தார். மூன்றாம் வருஷம் ராஜு விஷக்காய்ச்சலில் இறந்தார்.

"ரயிலு பொறப்பட்டுச்சு. அம்மா அழுவல. நான் தைச்ச சட்டையப் போட்டுகினு கையக் காட்டிகினே போனாங்க," என்று ஒருமுறை சொன்னார். குப்பத்து மீன்காரிகளிடம் கற்ற தமிழ் அது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான சித்திரையில் நானும் கும்பகோணத்துக்கு மூட்டை கட்டினேன். "நீங்க எங்கே போகப் போறேள்?" என்று கேட்டேன்.

"எனக்கு எந்த ஊர் கீது டீச்சர்? நீங்க போய்ட்டு வாங்க."

எங்களோடு வாருங்கள் என்று அழைத்திருக்கலாம். என் தாயாரின் மடி ஆசாரத்தை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். வெறிச்சோடிய தெருவில் அவர் ஒருவர்தான் விளக்கேற்றினாராம்.

யுத்தம் முடிந்ததும் அம்மாவிடம் போக விண்ணப்பம் போட்டார். அந்நியனை மணந்தவள் எங்கள் பிரஜை இல்லை என்றது அமெரிக்க அலுவலகம். எங்கள் மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி அனுப்பு என்றது மெக்சிகோ அலுவலகம். அந்த அத்தாட்சிக்காகக் காத்திருந்தபோதே தங்கையின் கடிதம் வந்தது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தையல் அறையில் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு மடித்து வைத்தார். "இனிமே போயி இன்னா?" என்றார். மணி அடித்தது, வகுப்புக்குப் போனார். அதற்குப் பிறகு மெக்சிகோவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தத் தங்கையின் விலாசம் மட்டும்தான். செய்தியை நான்தான் எழுதவேண்டும். இங்கிலீஷில் எழுதினால் யாராவது படித்துச் சொல்வார்கள். மூன்று தாள்களில் தொடங்கிவிட்டேன். 'உங்கள் அக்கா இங்கே தனியாக இல்லை' என்று எழுத வருகிறது. அது பொய். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.