எட்டாவது ரசீது

மோகனராஜ் இருபத்திரண்டு வருஷம் குறை கண்டுபிடித்தே சோறு தின்றவர். பினாங்குத் தீவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. நகக்கண் அளவு பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்துத் தனியே வைத்துவிடுவார். வீட்டிலும் அதே தொழில்தான். மனைவி தனலெட்சுமி வைக்கிற ரசம், மைத்துனன் போடுகிற சட்டை, அடுத்த வீட்டு மருமகளின் நடை, எதற்கும் அவர் தேர்ச்சி கொடுத்ததில்லை. தீவுக்கு எதிர்க்கரையில் அவர் குடியிருந்த பாகான் டாலாமில் புதிதாக எதையாவது வாங்கியவர்கள் அவர் கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் போவார்கள்.

அந்தத் தொழிற்சாலை ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனது. நாற்பத்தொன்பது வயது ஆளை யார் கூப்பிடப் போகிறார்கள்? காவலாளி வேலை வாங்கித் தருவதாக மைத்துனன் சொன்னான். இருபது வருஷமாக வாய்க்கு வந்தபடி கேலி செய்த மைத்துனனிடம் போய் நிற்பதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று மோகனராஜுக்குத் தோன்றியது. கம்பெனி கொடுத்த இழப்பீட்டில் ஒரு பழைய கார் வாங்கி, கைப்பேசி வழியாகச் சவாரி ஓட்டுவது என்று முடிவெடுத்தார். கையில் இருந்தது அந்தப் பணம் ஒன்றுதான், அதுவும் ஒரு தடவைக்குத்தான் காணும்.

பர்மா சாலைப் பக்கம் ஒரு வீட்டில் எட்டு வயதுக் கார் விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. கணவர் அண்ணாமலை போன வருஷம் இறந்துபோக, ஓட்டத் தெரியாத மெய்யம்மை ஆச்சி விற்கிறார். பட்டறை வைத்திருக்கும் இஸ்மாயில், "நானும் வர்றேன்ண்ணே, மூடியத் தொறந்து ஒரு பார்வ பாத்துட்டா போதும்" என்றான். "புருஷன் செத்த வீட்டுல போயி ஆளக் கூட்டிட்டு வந்து நோண்டுறதா? நமக்குக் கண்ணு இல்லையா?" என்று அவனைத் துரத்திவிட்டார்.

ஆச்சி வீட்டில் மோகனராஜ் சர்வீஸ் புத்தகத்தைத்தான் முதலில் கேட்டார். முதல் இரண்டு வருஷம் முத்திரை ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன. தொழிற்சாலையாக இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அப்போதுதான் முன்பெட்டிக்குள் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு கண்ணில் பட்டது. தீவில் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் வாகன பூசை செய்த ரசீதுகள். வருஷத்துக்கு ஒன்று, எல்லாம் தைப்பூச வாரத்துத் தேதிகள். எண்ணினார். ஏழு. எட்டாவது வருஷம் அண்ணாமலை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அவுக வண்டிய பட்டறைக்கே விடமாட்டாக. அவனுக ஏமாத்திப்புடுவானுகன்னு ஒரு எண்ணம். பூசைக்கு மட்டும் தவறாமக் கொண்டு போயிருவாக" என்றார் ஆச்சி.

உண்மையை இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. ஆனால் மோகனராஜின் காதில் பூசை மட்டும் விழுந்தது. வருஷம் தவறாமல் சாமி முன்னால் காரை நிறுத்துகிறவர் அதைச் சும்மா விட்டா வைத்திருப்பார்? கைக்காசு போட்டு யாரையாவது வீட்டுக்கே வரவழைத்துப் பார்த்திருப்பார், முத்திரைதான் இருந்திருக்காது என்று தானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். கட்டிய கதைக்குச் சம்பளமாக, அந்த வெள்ளைப் பக்கங்களையே காட்டி விதவையிடம் இரண்டாயிரம் வெள்ளி குறைத்துவிட்டார். "ஆச்சிக்கு ஒன்னுந்தெரியல" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம், பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில், பின்னால் ஒரு பயணியை வைத்துக்கொண்டு போகும்போது எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் கல்லானது, பிரேக்கும் கல்லானது. பின்னால் வந்த லாரி ஹார்னை அலறவிட்டு ஒரு முழ இடைவெளியில் விலகிப் போனது. பயணி பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். மோகனராஜ் இஸ்மாயிலைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

இஸ்மாயில் எண்ணெய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தான். சோயா கிச்சாப் மாதிரி கெட்டியாக, கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆறு வருஷமா எண்ணெயே மாத்தல. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சுண்ணே. வேற எஞ்சின்தான் போடணும்."

விலையைச் சொன்னான். மோகனராஜ் தரையைப் பார்த்தார். "வேற வழி?"

"கெட்டி எண்ணெய் ஊத்துனா சத்தம் அடங்கும். ஒரு மாசம், கூடிப்போனா ரெண்டு மாசம். சூட்டுல எப்ப வேணும்னாலும் நிக்கும். அதுல ஆள ஏத்தாதீங்கண்ணே, பாவம்."

"ஊத்து" என்றார்.

ஆச்சியைக் குறை சொல்ல வழியில்லை. அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் மோகனராஜ் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சர்வீஸ் புத்தகத்தை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். ரசீதுக் கட்டை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். வாங்குகிறவன் என்ன பார்ப்பான் என்பது இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தது அவர் கண்ணை உறுத்தியது.

விடியற்காலைக் குளிரில், எஞ்சின் சூடாகாமல், மெதுவாக ஓட்டித் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஐயர் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். மோகனராஜ் சாமியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ரசீதை வாங்கிப் பேரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பரிசோதித்து, எட்டாவதாகக் கட்டில் வைத்து ரப்பர் வளையத்தைப் போட்டார். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

வாங்க வந்தவன் நல்லமுத்து. தொழிற்சாலையில் பக்கத்து மேசை. பதினைந்து வருஷம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பாலம் கடந்தவர்கள், ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவனுக்கும் அதே யோசனை, அதே ஒருதடவைப் பணம். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா என்று மோகனராஜ் நினைத்தார். நினைத்தது உண்மை. ஆனால் வேறு யாரும் வரவில்லை. மைத்துனன் வேறு காலையில் இரண்டாம் முறை கூப்பிட்டு, காவலாளி உடுப்புக்கு அளவு கேட்டிருந்தான்.

முத்து ரசீதுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சாமி காடிண்ணே இது! சர்வீஸ் புக்கு இருக்கா?"

"அந்தம்மா வீட்டுலயே தொலஞ்சு போச்சு தம்பி. வேணும்னா வெளிய ஆள வச்சுப் பாத்துக்க."

சொல்லும்போதே அவன் பார்க்க மாட்டான் என்று தெரியும். முத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னாண்ணே பேசுறீங்க? நீங்க பாஸ் பண்ண சாமான வேற யாரு வந்து பாக்கணும்? எந்த பெங்கேல் பட்டறைக்காரனுக்கு உங்க கண்ணு இருக்கு?"

பேரமும் பேசவில்லை. மோகனராஜ் ஆச்சியிடம் குறைத்த இரண்டாயிரத்தையும் சேர்த்தே கொடுத்தான்.

எழுத்து வேலையெல்லாம் முடிந்த சனிக்கிழமை, முத்து குடும்பத்தோடு வந்தான். மனைவி நித்யா பட்டுப்புடவையில் இருந்தாள். ஐந்து வயது மகள் பின்சீட்டில் ஏறி முழங்காலிட்டு, கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு. வெயில் தார்ச்சாலையை வாட்டிக்கொண்டிருந்தது.

"நேரா தண்ணீர்மலைக்குத்தான்ண்ணே. மொத ஓட்டம் சாமிகிட்ட. நீங்களும் ஏறுங்க, முன்னாடி உக்காருங்க."

மோகனராஜ் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "இல்ல தம்பி. எனக்குப் பாலத்துல தல சுத்தும்."

முத்து வாய்விட்டுச் சிரித்தான். "பதினஞ்சு வருஷம் ஒன்னா உக்காந்து போனோம், இன்னிக்கு என்னா புதுசா தல சுத்துதுங்கறீங்க? வாங்கண்ணே!"

மோகனராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இறங்குங்கள் என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சட்டைப்பையில் பணம் இருந்தது. சொல் திரும்பிப் போய்விட்டது.

முத்து எஞ்சினைக் கிளப்பினான். கெட்டி எண்ணெயின் தயவில் சத்தமே இல்லை. "கேட்டியா, பூன மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் சொன்னான். நித்யா ஜன்னல் வழியாகக் கைகூப்பி, "ரொம்ப நன்றிண்ணே, உங்க புண்ணியம்" என்றாள். குழந்தை பின் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காட்டியது.

"மெதுவாப் போ தம்பி" என்றார் மோகனராஜ். "பாலத்துல ஓரமாவே போ."

அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அண்ணனுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் பார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே, முத்து பாலத்துப் பக்கம் காரைத் திருப்பினான்.