பட்டர்வொர்த் மைனாக்கள்

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் படகுத்துறையில் அந்த வெளிநாட்டுப் பேராசிரியரை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. ரயிலும் பஸ்ஸும் படகும் சேர்ந்து இரையும் அந்த இடத்துக்கு அவரை அழைத்துவந்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர். பினாங்கில் எங்கள் விலங்கியல் துறையில் அவர் மூத்த விரிவுரையாளர். நான் புதிதாகச் சேர்ந்தவள். இந்த இரைச்சலுக்குள் வாழும் மைனாக்கள் மலையடிவாரத்து மைனாக்களைவிட உச்சக் குரலில் கூவுவதை முதலில் கவனித்தவர் அக்காதான். தலைமுறை தலைமுறையாக நகரம் பறவையின் குரலையே மாற்றிவிடுகிறதா என்பது அவருடைய கேள்வி. நல்ல ஒலிப்பதிவுக் கருவி எங்களிடம் இல்லை. பேராசிரியரிடம் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது என்பது பிறகு புரிந்தது.

வெயிலில் நின்று பதிவு செய்தவர்கள் நாங்கள். அவர் பெரும்பாலும் ஹோட்டலில் உறங்கினார். கடைசியில் ஒலிநாடாக்கள் அனைத்தையும் பெட்டியில் அடைத்து எடுத்துப்போனார். கட்டுரை அவர் பெயரில் மட்டும் வந்தது. அதன் இறுதியில் ‘பினாங்கு உதவியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி. மைனாவின் லத்தீன் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு எங்கள் பெயர்கள் நினைவில்லை.

தொண்ணூறுகளில் வெட்கமே இல்லாமல் திரும்பி வந்தார். ‘உலக நாடுகள் கைகோக்கும் ஆய்வு’ என்று எங்கள் துறையிலேயே உருகி உருகிப் பேசினார். அக்கா எழுந்து, எங்கள் நாடாக்கள் எங்கே என்று கேட்டார். இங்கே பாதுகாக்க வசதி இல்லையே என்று அவர் சிரித்தார். எங்கள் துறைத்தலைவரும் கூடவே சிரித்தார். எனக்கு அந்த இரண்டாவது சிரிப்புதான் அதிகம் சுட்டது. புதிய ஆய்வுக்கு உள்ளூர்ப் பொறுப்பாளராகக் கையெழுத்திட அக்கா மறுத்தார். அப்படியானால் பதவி உயர்வை மறந்துவிடலாம் என்றார் தலைவர்.

அன்று மாலை சூலியா தெருவில் தேநீர் குடிக்கும்போது அக்கா சொன்னார்: “புரமோஷன் போனா போகட்டும் லா. இவனுக்கு நாம என்ன கூலியா? மெட்ராஸ்ல, கொழும்புல, பேங்காக்ல மைனா இல்லையா? அங்க இருக்கிறவங்கள கேப்போம்.”

கேட்டோம். கருவி வைத்திருந்தவர்கள் இரவல் தந்தார்கள். அந்தந்த ஊரில் பதிவான ஒவ்வொரு நாடாவின் பிரதியும் எல்லா ஊருக்கும் போனது. அக்காவுக்குப் பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. கட்டுரை வந்தது, எல்லோர் பெயரும் ஆங்கில அகரவரிசையில்.

அதைப் படித்துவிட்டுப் பேராசிரியர் ஃபோன் செய்தார். அடுத்த கட்டத்தில் தானும் சேரலாமா என்றார். தாராளமாக, பழைய நாடாக்களோடு வாருங்கள், பெயர் அதே வரிசையில் வரும் என்றார் அக்கா. பேராசிரியரின் பெயர் ‘இசட்’டில் தொடங்கும். மறுமுனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அக்கா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கடைசியில நின்னு அவனுக்குப் பழக்கமில்ல லா.”