மூதூர்க்காரியின் முதுகுப் படம்

எழுபதுகளில் நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தேன். அந்தப் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். அதனால் முதுகுப் படம் எடுக்க வருகிற பெண்களை என்னிடமே அனுப்புவார்கள்.

ஒருநாள் மூதூரிலிருந்து காலை லாஞ்சுப் படகில் ஒரு முஸ்லிம் தம்பதி வந்தார்கள். மனைவிக்கு நாற்பது தாண்டியிருக்கும். நெல் அவித்து ஓலைக் கடகம் கடகமாகத் தூக்கியதில் அடிமுதுகில் நாரி பிடித்துவிட்டது என்றார். கணவரை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

"மல்லாந்து படுங்கோ அக்கா."

"நேரே படுக்க ஏலாது புள்ள. உயிர் போற மாதிரி வலிக்குது."

காலை நீட்டிப் படுத்தால் நாரிக்குக் கீழே பள்ளம் விழும். வலியும் கூடும், படத்தில் எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளியும் சரியாகத் தெரியாது. முழங்கால்களை மடித்து, கீழே தலையணை வைத்தேன். முதுகு மேசையோடு ஒட்டியது.

"இது நல்ல சுகமாக் கிடக்கு. இப்பிடியே ஒரு நித்திரை கொள்ளட்டா?" என்றார்.

இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்து மெஷினின் வெளிச்சத்தை அந்த மட்டத்தில் விழுத்தினேன். பிறகு எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"மாதக்குளிப்பு கடைசியா எப்ப வந்தது?"

"அது நிண்டு போச்சு புள்ள. வயசு போகுதுதானே."

"எப்ப நிண்டது?"

"நோன்புக்கு முதல் வந்தது. பிறகு காணேல்ல."

"சத்தி எடுக்கிறது, தலைச்சுத்து ஏதும்?"

"காலையில கொஞ்சம் இருக்கு. அது பித்தம் எண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவளுக்கு இந்த வருஷம் கலியாணம் பேசியிருக்கு," என்றார்.

வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர் ஆகாது என்பதால் படம் எடுக்காமலே அவரை இறக்கி டொக்டரிடம் கூட்டிப்போனேன். சோதித்துப் பார்த்ததில் பிள்ளைதான் என்று உறுதியாயிற்று. படத்தைப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர்.

"என்ன மிஸி, எலும்பு முறிஞ்சு போச்சா?" என்று கணவர் வெளியே வாங்கிலிருந்து எழும்பினார். மனைவி அவருடைய காதுக்குள் சொன்னார். மனுஷன் முன்கடைக்குப் போய் மூன்று பிளேன்ரீ வாங்கி வந்தார். ஒன்று எனக்கு.

அடுத்த வருஷம் பெண்குழந்தையோடு வந்தார்கள். வலி குறைந்திருந்தது, ஆனால் விட்டபாடில்லை. இந்த முறை நேர்ப்படத்தை முடித்துவிட்டு, அவரை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தேன். அகன்ற இடுப்பு என்பதால் நடுவில் முதுகு தொய்ந்து நின்றது. துப்பட்டி ஒன்றை மடித்து இடைக்குக் கீழே செருகி, முதுகெலும்பை மேசையோடு மட்டமாக்கினேன்.

"மூச்சை வெளியில விட்டிட்டு ஆடாமல் இருங்கோ."

சுவிச்சை அழுத்தவும் வெளியே குழந்தை வீரிட்டது. தாய் திரும்பிவிட்டார். இருட்டறையிலிருந்து வந்த பிலிமில் எலும்புகள் கலங்கிக் கிடந்தன.

வெளியே போய்க் கணவரிடம் சொன்னேன். "பிள்ளையோட கடற்கரைப் பக்கம் போங்கோ. சத்தம் கேக்காத தூரத்துக்கு."

அவர் குடையை விரித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி போனார். இரண்டாவது படம் தெளிவாக வந்தது. எலும்பும் வெளியும் வேறுவேறாக, அடுக்கி வைத்த மாதிரி. டொக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் குறையில்லை, தசைப்பிடிப்புத்தான், இனிக் கடகத்தை வேறு ஆட்கள் தூக்கட்டும் என்றார்.

"அப்ப ஒண்டுமில்லையா? இவ்வளவு தூரம் லாஞ்சில வந்தனான்," என்று மனைவி கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். பிலிமை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

அடுத்த கிழமை மூதூர் லாஞ்சில் அவர்கள் அனுப்பிய ஒரு சட்டி எருமைத் தயிர் எனக்கு வந்தது. டொக்டரும் நானும் மத்தியானச் சோற்றோடு பங்கிட்டுச் சாப்பிட்டோம்.