இங்கிலீஷ் பெட்டி இரண்டு ஜோடி

எங்கள் முன்அறையில் மூன்று நாள் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. அந்த மூன்று நாளும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டேன்.

பெரிய ஜோடி எங்களுடையது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. அவர் நாமக்கல் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல் மைக்செட் நடத்தியவர். கோயில் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டித்தான் பிழைத்தோம். ஊருக்குக் குழாய், வீட்டுக்கு இந்தப் பெட்டி. முழங்கால் உயரம், மர நிறம், முன்னால் கறுப்புத் துணி. வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார்.

"பொட்டி கனமா இருந்தாத்தான் ஒசத்தின்னு நம்மாளுக நெனைக்கறாங்க. இங்கிலீஷ்காரன் பலகைய மெல்லிசா வெச்சு, உள்ளார தார் மாதிரி ஒண்ண ஒட்டியிருக்கறான். பேச்சு பேச்சாட்டவே கேக்கும் பாருங்க."

அது நிசம். அதில் ஒரு அம்மா பாடினால், பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும். பெட்டிக்கு இரண்டடி பின்னால் பாய் போட்டு உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். தவில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று, தலையணையில் அடித்தது போல விழும். குழாய்ச் சத்தத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தின எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

சின்ன ஜோடியைச் சேலத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். பழைய ஆடியோ சாமான்களை வாங்கி விற்கிறவர். அதுவும் இங்கிலீஷ் பெட்டிதான், குணம் வேறு. சுவரை ஒட்டி வைக்க வேண்டும் என்றார். அதில் தவில் சுருக்கென்று வரும். கால் தன்னால் ஆடும். ஆனால் பாடுகிற அம்மா எழுந்து வந்து முகத்துக்கு நேராக நின்றுகொள்வாள். 'ஸ' வருகிற இடமெல்லாம் காதில் ஈர்க்குச்சி பட்டது போல இருக்கும்.

"மூணு நாள் வெச்சுக் கேளுங்கண்ணா. புடிச்சுதுன்னா மாத்திக்கலாம்" என்று சொல்லிப் போனார்.

மாற்ற நினைத்ததற்குக் காரணம் உண்டு. பெட்டி மந்தமாகிவிட்டது என்று இவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜால்ராவே வர மாட்டேங்குது புள்ள. கீச்சுச் சத்தம் குடுக்கற ட்வீட்டர் போயிருச்சாட்ட இருக்குது."

துணியைக் கழற்றி ஒயரை எல்லாம் பார்த்தார். ஒன்றும் போகவில்லை. சரி, பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். அப்போது நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு ஜால்ரா கேட்டது. அடித்து முடித்த பின் அந்த ஓசை இழையாக மெலிந்து போவதுகூடக் கேட்டது. எனக்கு என்ன தெரியும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சின்னப் பெட்டி வந்த அன்று சாயங்காலமே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னதில், "இப்பத்தான் ஜால்ரா ஜால்ராவா இருக்குது" என்றார். பாட்டு நின்ற நேரத்தில் ஒரு கொசு அவர் காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றியது. நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அவர் கையை ஆட்டவில்லை. கடித்த பிறகுதான் அடித்தார்.

கீரை ஆய்ந்தபோது எனக்குக் கேட்ட ஜால்ரா நினைவுக்கு வந்தது.

ரோட்டில் பஸ்ஸில் போகும்போதே, தூரத்துக் கோயிலில் எந்தக் குழாய் கரகரக்கிறது என்று சொல்லுகிற மனுசன். அவரிடம் போய், பெட்டி நன்றாக இருக்கிறது, காதுதான் போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் நல்ல பெட்டி போய்விடும். சின்னப் பெட்டியும் நாளைக்கு அவருக்கு மந்தமாகும். அதற்கும் வயசாகிவிட்டது என்பார். வாய் வரைக்கும் வரும், விழுங்குவேன். துணி மடிக்கப் போனவள் வாசலுக்குப் போய் நிற்பேன்.

மூன்றாம் நாள் காலையில் சேலத்துக்காரர் பழைய ஜமுக்காளத்தோடு வந்துவிட்டார். பெட்டியைச் சுற்றி எடுத்துப்போகத்தான்.

"என்னங்கண்ணா முடிவு பண்ணுனீங்க?"

"எடுத்துக்கப்பா. இந்த ஊட்ல கெழடு நாங்க ரெண்டு பேர் போதும். பொட்டியுங் கெழடா இருக்கோணுமா?"

"மந்தந்தானுங்க. உங்களுக்காகத்தான் எடுத்துக்கறேன்."

தூக்கும் முன்னால் சேலத்துக்காரர் எங்கள் பெட்டியை ஒரு தடவை பாடவிட்டுப் பார்த்தார். நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். ஜால்ரா வந்த இடத்தில் அந்த ஆள் தலையை லேசாகச் சாய்த்தார். கண் பாதி மூடிக்கொண்டது. மந்தமான பெட்டிக்கு யாரும் அப்படி முகம் வைக்க மாட்டார்கள்.

வெளி ஆள் முன்னால் நான் பேசுகிறவள் இல்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க, பொட்டியில கொறையில்லீங்க. ஜால்ரா எனக்குக் கேக்குது."

"உனக்கென்ன தெரியும். உள்ள போ."

"இப்பவுங் கேக்குதுங்க."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சேலத்துக்காரரைப் பார்த்தார்.

"ஏப்பா, உனக்குக் கேக்குதா?"

அந்த ஆள் காப்பியை எடுத்து ஆற்றினார். ஏற்கெனவே ஆறின காப்பி அது.

"கேக்குதுங்கண்ணா."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குதுங்க."

இவர் மெதுவாகக் குனிந்து முட்டி போட்டார். காதைக் கறுப்புத் துணியோடு ஒட்டி வைத்தார். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை. சேலத்துக்காரர் யாரும் சொல்லாமலே சின்னப் பெட்டிகளை ஜமுக்காளத்தில் சுற்றிக்கொண்டு போனார். காப்பியைப் பாதிதான் குடித்திருந்தார்.

மத்தியானம் சோறு போடும்போது இவர் தலை நிமிராமல் கேட்டார்.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"முந்தாநேத்து கொசு கடிச்சப்பத்தானுங்க."

"கொசுவா" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மோர் வேண்டுமா என்று நான் கேட்டது காதில் விழவில்லையா, விழுந்தும் பேசவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் யோசிப்பேன் என்று தோன்றியது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு மனசு, சொன்னது சரிதான் என்று ஒரு மனசு. அவர் எழுந்து போனதும் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவுக்கு வந்தேன்.

அவர் வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வண்டிச் சாவிக் கொத்தை வலது காதருகே வைத்து ஆட்டினார். அப்புறம் இடது காதருகே. மறுபடி வலது காது, இன்னும் கொஞ்சம் பலமாக. நான் கதவிலேயே நின்றுவிட்டேன். சாவி குலுங்குவது எனக்கு அங்கே வரைக்கும் கணீரென்று கேட்டது.