குளியலறைக் கதவும் பேய்ப்பட வில்லனும்

நான்கு நாட்களாக நான் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை.

காரணம், இங்கே வியட்நாமில் ஓடும் ஒரு பேய்ப்படம். அதில் பிணம் கழுவும் வில்லன் கத்தவே மாட்டார். ஈரக் கையைத் துடைத்தபடி சிரிப்பார், அவ்வளவுதான். போஸ்டரில்கூட அவர் முகம் இல்லை.

"மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வா. ராத்திரி எல்லாரையும் எழுப்பித் துணைக்கு நிக்க வைக்கிறே, வீட்ல மத்தவங்க தூங்கணும்ல," என்றார் என் கணவர்.

இன்று போனேன். கருவறைக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்தால், பக்கத்தில் அதே முகம். கையில் ஹெல்மெட்.

அலறிவிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க அக்கா," என்றார் அவர், வியட்நாமிய மொழியில். "படம் பாத்தீங்களா? நிஜமாவே பயந்தீங்களா?"

குளியலறைக் கதையை அரைகுறை வியட்நாமிய மொழியில் சொன்னேன்.

"நான் பாத்த ஷோல எல்லாரும் சிரிச்சாங்க. நடிப்பை விட்டுடலாமான்னு அம்மன்கிட்ட கேக்கத்தான் இங்க வந்தேன்," என்றவர், படத்தில் பார்த்த அதே விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டுடாதீங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டு, நிம்மதியாகக் குளித்தேன்.

அவர் அடுத்த படத்திலும் வில்லனாக வந்தால் பழி என்மேல்தான். குளியலறை வாசலில் துணைக்கு நிற்க யார் வருகிறீர்கள், இப்போதே சொல்லிவிடுங்கள்.