விரல் அசைய இடம்

சர்க்கரை நோயோடு பன்னிரண்டு வருடம், ஒரு விரலையும் இழக்காமல். நடக்கிற வேலை உனக்கு எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்கள். பெண்களைத் தண்டவாளம் பார்க்க அனுப்பாத மேஸ்திரி கப்டெஷ். என் தங்கை பல்ஸியா ஜெயித்தவை இவை. மூன்றாவதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதுதான் சோதனை. பாதியில் கைவிட்டால் வேலை இல்லை. காலில் புண் வந்தால் விரலை எடுக்க நேரிடும் என்று மாவட்ட மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

கிடங்கில் கொடுத்த பூட்ஸ் அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. அதுதான் வினை. அதைப் போட்டுப் பார்த்தது வெயில் காலத்தில், மெல்லிய காலுறையோடு. சோதனை வந்ததோ பிப்ரவரியில். எங்கள் ஸ்டெப்பிப் புல்வெளியில் குளிர் கூடினால் நாங்கள் காலுறையைக் கூட்டுவோம். பூட்ஸைப் பற்றி யோசிக்க மாட்டோம். அம்மா ஒட்டக ரோமக் காலுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, காலை அந்த பூட்ஸுக்குள் திணித்து அனுப்பினாள்.

பாதி வழியிலுள்ள ரயில்வே கேட்டில் நான் வேலை பார்க்கிறேன். பல்ஸியா என் அறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சோதிக்கக் கூடவே நடந்த கப்டெஷ் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, வலது கால் இருக்கா இல்லையான்னே தெரியல."

பூட்ஸைக் கழற்றினேன். பெருவிரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

"அடுப்புகிட்ட நீட்டும்மா," என்றார் கப்டெஷ்.

"வேணாம் கபெகெ. சர்க்கரையால கால்ல சூடு எனக்கு உறைக்காது. வெந்தப்புறம்தான் தெரியும்," என்றாள் பல்ஸியா. கப்டெஷை மரியாதையாக நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

அவள் பாதத்தை என் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பனிக்கட்டியை வைத்த மாதிரி இருந்தது. கப்டெஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரக்கு ரயில் வர்றதுக்குள்ள கிளம்பணும். முடியலன்னா சொல்லிடு, தப்பில்ல."

"முடியலன்னு நான் சொன்னேனா?"

விரலில் மெல்ல நிறம் வந்தது. அவள் என் கால்களைப் பார்த்தாள். நான் நாள் முழுக்க நிற்பவள். ஆண்கள் பூட்ஸ்தான் போடுவேன், உள்ளே தடித்த கம்பளி உறையோடு.

"அதக் குடு அக்கா."

அவள் ஒரே ஒரு காலுறையோடு அதைப் போட்டாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். குதிகால் நழுவாதபடி கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நான் உள்ளே கைவிட்டு, தையலோ மடிப்போ உறுத்துகிறதா என்று முன்பே தடவிப் பார்த்திருந்தேன்.

கப்டெஷ் சிரித்தார். "ஒட்டகத்துக்கே இது பெருசாச்சே."

"அந்த அகலக் காலோட ஒட்டகம் பனியில விழுந்து பாத்திருக்கீங்களா கபெகெ?" என்றாள் பல்ஸியா.

அவர் கதவைத் திறந்தார். பனிக்காற்றில் இருவரும் மறைந்தார்கள்.

சரக்கு ரயில் போனது. டீ ஆறிப்போனது. தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொப்புளம் வந்தால்கூட அவளுக்கு வலிக்காது. அதுதான் என் பயம். இருட்டத் தொடங்கும்போது மணி அடித்தது.

"வந்து சேந்துட்டோம்," என்றது கப்டெஷின் குரல். "பூட்ஸைக் கழட்டச் சொன்னேன். நானே விளக்கு பிடிச்சுப் பாத்தேன்."

"என்ன கபெகெ, சொல்லுங்க."

"கொப்புளம் இல்ல. செவக்கக்கூட இல்ல. அந்த ஓரத் தண்டவாளத்துல ஒரு போல்ட்டு லூஸா இருந்துச்சு, அதையும் அவதான் பாத்தா. இரு, பேனா கேக்குறா."

தண்டவாளக் காவலராக என் தங்கை பணிப் பதிவேட்டில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2011 பிப்ரவரி 9, புதன்கிழமை.