பட்டு என்று நினைத்த சேலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதக் காலையில், சாயல்குடி பக்கத்திலுள்ள மாரியூரில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. எங்கள் வீடு என்றால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு. நான் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், வயல்காரர் வீட்டில். ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கும்போது ஒருவரைப் பிடித்துப்போய், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டேன். கடலுக்குப் போகிற வீட்டில் என்ன சுகத்தைக் கண்டுவிடப் போகிறாள் என்று என் அய்யா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் போனில் பேசுவாள்.

மாரியூர் வீட்டில் மாமியார் இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் மாமனாரும்தான். மாமாவுக்கும் எனக்கும் சண்டை எல்லாம் கிடையாது, கூச்சம்தான். அவர் உள்ளே வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் வெளியே வந்தால் அவர் வலையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிடுவார். “சாப்பிட்டியா ஆத்தா?” “சாப்பிட்டேன் மாமா.” ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் உடுப்பு விஷயத்தில் மனிதர் மைனர். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் தண்ணீர் தெளித்து, அயர்ன் பாக்ஸின் திருகைக் கடைசிவரை திருகி, உடம்புக் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் தேய்ப்பார். வேட்டி அட்டை மாதிரி நிற்கும். அவருக்குத் தெரிந்த இஸ்திரி அது ஒன்றுதான்.

அப்போதுதான் என் அண்ணன் புது வீடு கட்டி முடித்தான். எங்கள் பக்கம் புது வீட்டில் கூடப்பிறந்தவள்தான் முதல் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்ச வேண்டும். அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அய்யா வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “ரெண்டு பேரும் வந்துருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரெண்டு பேர் என்றால் மாமாவுக்கு அழைப்பு இல்லை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரி, “நீங்க போயிட்டு வாங்க ஆத்தா, எனக்கு வலை வேலை கெடக்கு” என்றார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அம்மா ஒரு சேலையும் கொடுத்தனுப்பியிருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஜார்ஜெட், ஓரத்தில் ஜரிகை போல மின்னும் கரை, முந்தானையில் அகலமான பூவேலை. கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டிலிருந்து வந்த முதல் துணி. அதைக் கட்டிக்கொண்டுதான் பால் காய்ச்ச வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் அதைத் தினம் எடுத்துப் பார்த்துப் பார்த்தே கசக்கிவிட்டேன்.

ஜார்ஜெட்டைத் தேய்க்க ஒரு பக்குவம் உண்டு. சூட்டை நன்றாகக் குறைத்து, துணியை உள்பக்கமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துண்டை விரித்து, முதலில் உள்ளே சொருகுகிற முனையில் லேசாக வைத்துப் பார்த்துவிட்டு, இழுக்காமல் அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். குளித்துவிட்டு வந்து ஆற அமரத் தேய்க்கலாம் என்று சேலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் கார் சொல்லிக் கூட்டிவர சாயல்குடி போயிருந்தார்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வாடை வந்தது. நைலான் கயிறு பொசுங்குகிற வாடை. கயிற்றை அறுத்தால் நுனி பிரியாமல் இருக்க மாமா லைட்டரைக் காட்டி உருக்குவார், அப்போது வருகிற அதே வாடைதான். அதனால் நான் முதலில் பயப்படவே இல்லை. இவருக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் முனகிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமா மேசைக்கு முன்னால் அயர்ன் பாக்ஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அதன் அடியில் மயில்கழுத்து நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ ஒட்டித் தொங்கியது. முந்தானையில் பூவேலைக்கு நடுவே, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“பட்டுன்னுல்ல ஆத்தா நெனச்சேன்” என்றார். “வாடை வந்த பொறகுதான் தெரிஞ்சுச்சு, இது நம்ம நைலான்னு.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று ஈரத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்ன முகத்தோடு அம்மா முன்னால் போய் நிற்பேன்? அய்யா இதைச் சும்மா விடுவாரா? அவர்கள் கொடுத்ததைக் கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத வீடு என்பாரே!

மாமா பிளக்கைப் பிடுங்கினார். கத்தரிக்கோலை எடுத்து வந்தார். “நீ கட்டை ஆளுதான். ஒரு சாண் கொறஞ்சா தெரியாது” என்று சொல்லிவிட்டு, ஓட்டைக்கு மேலே பூவேலை முழுவதையும் நேராக வெட்டி எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து, வெட்டிய ஓரத்துக்குப் பக்கத்தில் தீயைக் காட்டிக்கொண்டே போனார். ஓரம் மெல்ல உருகி, நூல் பிரியாமல் மெலிசாக இறுகிக்கொண்டது. நைலான் என்று தெரிந்த பிறகு அவர் கை தடுமாறவே இல்லை. நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் வந்ததும் நான் மொட்டை முந்தானையோடு ஏறப் போனேன். முன்சீட்டில் அட்டை வேட்டி கட்டி மாமா உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, நீங்க எங்க வாரீங்க? வரலன்னுல்ல சொன்னீங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“பொசுக்கினது நானு. நான்தான் வந்து சொல்லணும். வண்டிய எடுக்கச் சொல்லு.”

அழைக்காத வீட்டுக்கு, அதுவும் இப்படி ஒரு சேதியோடு, வேட்டியில் சுருக்கம் விழக் கூடாதென்று நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மனிதர் வருகிறார். பின்சீட்டில் இருந்து அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

புது வீட்டில் அய்யா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாமாவைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனாலும் “வாங்க” என்றார். மாமா கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் குனிந்து அடுப்பைப் பற்றவைத்துப் பால் பானையை ஏற்றினேன். அம்மாவுக்கு அடுப்பா கண்ணில் படும்?

“ஏண்டி, முந்தானையில பூவேலை எங்க?”

சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமா எழுந்து வந்துவிட்டார்.

“நான்தான் சம்பந்தி பொசுக்கிட்டேன். பட்டுன்னு நெனச்சு நல்லாச் சூடு வச்சுட்டேன். எங்க வீட்டுல இருந்து வார புள்ள கசங்கிப்போயி வந்து நின்னா, எப்படி வச்சிருக்கோமோன்னு உங்களுக்கு மனசு சங்கடப்படும்ல. பளிச்சுன்னு அனுப்பணும்னு ஆசப்பட்டேன். கெடுத்துப்புட்டேன். அது மேல தப்பு இல்ல, அத ஏசிராதீக.”

எனக்குக் கண்ணை மறைத்தது. இத்தனை நாளாக அடுப்படிக்கும் வேப்பமரத்தடிக்கும் நடுவே அந்த மனிதர் என்னைப் பற்றி இவ்வளவு யோசித்துக்கொண்டிருந்தாரா?

முதலில் வாயைத் திறந்தது அய்யாதான். அதுவும் மாமாவிடம் இல்லை, அம்மாவிடம்.

“அப்ப அது பட்டு இல்லையா? எங்கிட்டயும் பட்டுன்னுல்ல சொன்ன!”

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருட்டு முழி முழித்தாள். யாரோ ஒருவர் கொல்லென்று சிரிக்க, அது பரவி, கடைசியில் அய்யாவே சிரித்துவிட்டார். “வாங்க சம்பந்தி, ரெண்டு பேருமே ஏமாந்திருக்கோம்” என்று மாமாவின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த ‘சம்பந்தி’ என்ற வார்த்தை அய்யா வாயிலிருந்து வந்தபோது என் அடுப்பில் பால் பொங்கியது. குலவை போட வேண்டியவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் நானே ஒரு குலவை போட்டுவிட்டேன்.

மாமா இன்றைக்கும் இஸ்திரி போடுவதை விடவில்லை. என் துணிகளையும் அவரேதான் கேட்டு வாங்கித் தேய்க்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும், “ஆத்தா, இது வலைத் துணியா, வேட்டித் துணியா?” என்று அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்பார். வலைத் துணி என்றால் சூட்டைக் குறைத்து, தன் பழைய துண்டை மேலே விரித்து, தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி ஒற்றி எடுப்பார். அய்யா வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “பாத்து சம்பந்தி, வாடை வருது” என்று வேண்டுமென்றே சீண்டுவார்.

மொட்டை முந்தானைச் சேலையை நல்ல நாள்களில் இப்போதும் கட்டுகிறேன். உருகி இறுகிய அந்த ஓரம் விரலில் படும்போதெல்லாம், நான் கசங்கக் கூடாது என்று கவலைப்பட எனக்கு இரண்டு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.